மணல் தரையில் பதினைந்து புள்ளி

நியூ ஜெர்சியில் யார் துணையும் இல்லாமல் நான் நடந்தே போய்வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்குப் போக வேண்டுமென்றால் கார். கோயிலுக்குக் கார். எதிரே கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது, நடுவில் ஹைவே ஓடியதால் அங்கே போகவும் கார்தான். ஆனால் எங்கள் அபார்ட்மென்டின் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, இரண்டு பெரிய மரங்களைத் தாண்டினால், செங்காவி நிறக் கல்லில் கட்டிய ஒரு பழைய வீடு இருந்தது. அதை மியூசியம் என்றார்கள். எனக்கு அது வீடாகத்தான் தெரிந்தது. குடியிருந்தவர்கள் எங்கோ கல்யாணத்துக்குப் போயிருக்கிற வீடு மாதிரி, எல்லாச் சாமானும் வைத்த இடத்தில் இருந்தன.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, எனக்கு வருஷக் கணக்கு வராது. பேத்திக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது, அதை வைத்துச் சொல்கிறேன். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நாகப்பட்டினத்திலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேத்தியை ஒன்பது மணிக்கு ஒரு மஞ்சள் பஸ் கூட்டிக்கொண்டு போகும், பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து விடும். நடுவில் மூன்று மணி நேரம் நானும் டிவியும்தான். டிவியில் ஒரு நிகழ்ச்சி வரும். யாருக்காவது ஒரு ஃப்ரிட்ஜ் பரிசு கிடைக்கும், உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஃப்ரிட்ஜ் கிடைத்ததற்கு இப்படி அழுகிறவர்கள் வேறு விஷயத்துக்கு எப்படி அழுவார்கள் என்று பார்க்கக் காத்திருப்பேன். அது வராது, சோப்பு விளம்பரம் வந்துவிடும்.

நான் சொல்லச் சொல்ல இதை என் மகள்தான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது, தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவளைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. நிற்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கல் வீட்டுக்கு நான் முதலில் போனதற்குக் காரணம் அதன் கதவு. குறுக்கே இரண்டாக வெட்டின கதவு. மேல் பாதி திறந்திருக்கும், கீழ்ப் பாதி சாத்தியிருக்கும். கீழ்ப் பாதியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு நெட்டையான வெள்ளைக்காரம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தலை முழுக்க வெள்ளை, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்குகிற மூக்குக் கண்ணாடி. அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மாதத்தில், சும்மா வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற ஒரு மனுஷியை நான் பார்த்தது அப்போதுதான். என் புடவையையும், மேலே போட்டிருந்த மாப்பிள்ளையின் பழைய கோட்டையும், காலில் இருந்த கான்வாஸ் ஷூவையும் பார்த்தார். கீழ்ப் பாதியையும் திறந்துவிட்டார்.

அவர் டச்சுக்காரர் வம்சம். இங்கிலீஷ்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கமெல்லாம் டச்சுக்காரர்கள்தான் இருந்தார்களாம், நியூ யார்க்கே அவர்கள் ஊர்தானாம். இதெல்லாம் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூட வந்து, ஒவ்வொரு சாமானுக்கும் கீழே இருந்த அட்டையைப் படித்துச் சொன்னது. அட்டை இல்லாமல் நானாகவே கண்டுபிடித்தது எவ்வளவு என்றும் அன்றைக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் சரி.

ஆள் உயரத்துக்கு மேலே ஒரு அலமாரி இருந்தது, உருண்டை உருண்டையாகக் கால் வைத்து. இது பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தது என்று பார்த்தவுடனே சொன்னேன், அப்படித்தானாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே துணிமணி தைத்து அதில் அடுக்கி வைப்பார்களாம். அடுப்பைச் சுற்றி நீலத்தில் படம் வரைந்த வெள்ளை ஓடுகள், கப்பல், மீன் பிடிக்கிறவன், நாய். ஓட்டை போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் தணல் வைக்கிற சட்டி இருந்தது. அதைச் சாம்பிராணி போட என்று நினைத்தேன். குளிருக்குக் காலை அதன்மேல் வைத்துக்கொள்வார்களாம். நீளமான பிடி போட்ட ஒரு இரும்பு அச்சு, மாவை ஊற்றி நெருப்பில் காட்டிப் பணியாரம் மாதிரி சுடுகிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் புதிதாக ஒன்று செய்து கொடுப்பார்களாம். ஜாதிக்காய் துருவுகிற சின்னத் தகடு. மிளகுப் பெட்டி. பீவர் என்கிற ஒரு நீர்ப்பிராணியின் தோலில் செய்த தொப்பி. அந்தத் தோலுக்காகத்தான் கப்பல் கப்பலாக இங்கே வந்தார்களாம். பக்கத்தில் கிளிஞ்சலில் கோத்த மணிச்சரம், அதைக் கொடுத்து இந்த ஊர்ச் செவ்விந்தியர்களிடம் தோலை வாங்கியது. அமெரிக்காவில் குக்கீ என்று பிள்ளைகள் தின்கிறதே, அதுவும் டச்சுக்காரர்கள் கொண்டுவந்ததுதானாம், கிறிஸ்மஸ் தாத்தாவும் அவர்களோடு வந்தவராம். பேத்தியிடம் சொன்னேன். "நோ பாட்டி" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணி இருந்தது. சாயம் மங்கிப் போயிருந்தாலும் கொடியும் பூவும் தெரிந்தது. நான் சீட்டித் துணி என்றேன். மாப்பிள்ளை குனிந்து அட்டையைப் படித்தார்.

"அத்தை, இது நம்ம ஊர்ப் பக்கத்துத் துணிதான். சோழமண்டலக் கரையில வாங்கி, டச்சுக் கப்பல்ல ஹாலந்து போய், அங்கேருந்து இங்க வந்திருக்கு."

நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்கள் கல்லறைகள்கூட ஊரில் உண்டு, ஆடு மேயும். அவர்களுக்கு இந்தப் பக்கமும் ஒரு வீடு இருந்தது என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் துணி வந்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று கேட்டேன். முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்றார். அதற்கு விசா யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்ததை அந்த வருஷத்தில் நான் பார்த்தது அப்போது ஒரு தடவைதான், பாவம். அவருக்குக் கிரீன் கார்டு கவலை. அடுத்த மாதம் இன்டர்வியூ என்று எப்போதும் ஒரு ஃபைலைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறேன், சொல்ல வந்தது மணல் தரை.

அந்த வீட்டில் கடைசி அறை, விருந்தாளிகளை உட்காரவைக்கிற பெரிய அறை. வாசற்படியில் ஒரு கயிறு கட்டியிருக்கும், உள்ளே போகக் கூடாது. முதல் நாள் அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். தரை முழுக்க அகலமான கறுத்த மரப்பலகை. அதன்மேல் வெள்ளை மணல் தூவி, துடைப்பத்தால் இழுத்து, மீன் முள்ளு மாதிரி வரிசை வரிசையாகக் கோடு. ஓரத்தில் அலை அலையாக ஒரு கரை. மணலைக் கூட்டித் தள்ள மறந்துவிட்டார்கள் என்று நினைக்க முடியாது. வேண்டுமென்றே போட்டது. டச்சுக்கார வீட்டுப் பெண்கள் அப்படித்தான் போடுவார்களாம். யாராவது வருவதற்கு முன் போடுவது, வந்தவர்கள் மிதித்து அழிந்தபின் மறுபடி போடுவது.

எனக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்துகொண்டன.

ஏழு வயதிலிருந்து கோலம் போட்டவள் நான். கல்யாணமாகிப் போன வீட்டில் இருபத்தெட்டு வருஷம் வாசல் என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வர மாட்டார். கையில் தூக்கி, கோலத்தைத் தாண்டித் தெருவில் வைத்து, அப்புறம்தான் ஏறுவார். நன்றாக இருக்கிறது என்று வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. சைக்கிளைத் தூக்குவார். அவர் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவருடைய அக்கா வந்தார். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ உள்ளே போ என்றார். பிடுங்கியிருந்தால் நானும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் மெதுவாக வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் என் கை மாவைத் தொடவில்லை.

அமெரிக்காவுக்கு வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெட்கமில்லாமல் நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். வந்து பார்த்தால் வீட்டுக்கு வாசலே இல்லை. கதவைத் திறந்தால் ஒரு நீளமான நடை, அதில் பழுப்பு நிறக் கார்ப்பெட். கார்ப்பெட்டில் என்ன போடுவது? ஒரு பொங்கலுக்குப் பால்கனிச் சிமென்டில் கோலம் போட மகள் ஏற்பாடு செய்தாள். ஹைவேக்கு அந்தப் பக்கத்து ஆன்ட்டியைக் கூப்பிட்டிருந்தாள். ஆன்ட்டி என்னைவிட இரண்டு வயது பெரியவர், நானும் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன், அங்கே அது ஒரு பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. அவர் வீட்டுக்காரர் கூடவே இருக்கிறார், அதனால் அவர் கை நல்ல கை. என் மகள் என்னிடம், வெளியே குளிர், உனக்குக் கை விறைத்துப்போகும், நீ சோபாவில் உட்கார் என்றாள். குளிர்தான். ஆன்ட்டிக்கும் அதே குளிர்தான். நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆன்ட்டி இழை இழுக்கும்போது மூன்று இடத்தில் கை தூக்கி ஒட்டுப் போட்டார். கை தூக்காமல் இழுக்க வேண்டிய கோலம் அது. சொல்லவில்லை.

இப்போது மகளும் மாப்பிள்ளையும் சொந்த வீடு வாங்கியிருந்தார்கள். அதற்கு வாசல் உண்டு, நான்கு சிமென்ட் படி, அகலமான முன் தரை. வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன அன்று எல்லாரும் மேலே பார்த்தார்கள், அறையைப் பார்த்தார்கள், நான் அந்தத் தரையைப் பார்த்தேன். பதினைந்து புள்ளி தாராளமாக வரும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. சென்னையிலிருந்து சம்பந்தியம்மா போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், யார் பால் காய்ச்ச வேண்டும், யார் விளக்கு எடுக்க வேண்டும், கோலத்துக்கு யாராவது சுமங்கலியாகப் பார்த்துக்கொள் என்று. ஆன்ட்டியிடம் மகள் சொல்லிவிட்டாள். எனக்கு அந்தத் தரை வேண்டும் என்று யாரிடம் சொல்வது? மகளுக்கு அது முதல் வீடு. என் ஆசைக்கு அவள் வீட்டையா பலி கொடுப்பேன்? எனக்கே உள்ளுக்குள் பயம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் டச்சுக்காரம்மா ஐஸில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டுக் கழுத்தில் தூளி கட்டியிருந்தார். நான் வழக்கம்போல் போனபோது அந்தக் கடைசி அறையில் இடது கையால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மணலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோழி கிளறினது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக் கமிட்டி ஆட்கள் வருகிறார்களென்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் பிதுக்கினேன். வெளியே ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

கயிற்றைத் தாண்டினது எப்போது என்று எனக்கு நினைவில்லை. ஷூவைக் கழற்றினது நினைவிருக்கிறது. பலகை சில்லென்று இருந்தது. அவர் கிளறி வைத்திருந்த மணலையெல்லாம் ஓரமாகக் கூட்டித் தள்ளி, தரையைத் துடைத்த மாதிரி ஆக்கினேன். ஒரு மூலையில் வாளி நிறைய நல்ல மணல் இருந்தது. அள்ளிப் பார்த்தேன். மாவு மாதிரி விரலில் ஒட்டாது, ஓடிவிடும். விரலை இறுக்கிப் பிடித்து, கையைத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் கேட்கிறது. நாலைந்து புள்ளி பாழாச்சு, அப்புறம் பிடிபட்டது.

பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி எட்டு. அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து நூற்றைம்பது இருநூறு வருஷம் ஆகிறது. என் கையால் கெட்டுப்போக அங்கே யாருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தைரியம்தான். புள்ளி வைத்து முடித்து இழையை ஆரம்பித்தபோது, எங்கே வளைய வேண்டும் எங்கே குறுக்கே போக வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்குப் போனது. கை தூக்காமல் போனது. முடிகிற இடத்தில் ஆரம்பித்த இடத்தைச் சரியாக வந்து தொட்டது. முட்டி இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது, கறுத்த பலகையில் வெள்ளைக் கோலம். நாகப்பட்டினத்துச் சாணத் தரையில்கூட அப்படி எடுத்துக் கொடுத்ததில்லை.

நிமிர்ந்தால் டச்சுக்காரம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. என் கோட்டில் மகள் ஊக்குக் குத்தி வைத்திருந்த சீட்டைக் காட்டினார், அதில் மகளின் ஆபீஸ் நம்பர் இருந்தது. போய்ப் போன் பண்ணினார்.

அரை மணி நேரத்தில் மகளும் மாப்பிள்ளையும் ஒரே காரில் வந்தார்கள், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க. மாப்பிள்ளை கையில் அந்த ஃபைல்கூட இருந்தது. மகள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? கிரீன் கார்டு இன்டர்வியூ வர்ற நேரத்துல, மியூசியத்துலேருந்து போன் வந்தா நான் என்னன்னு நினைப்பேன்?"

மணலுக்காக ஒரு குடும்பத்தையே நாட்டை விட்டு அனுப்புவார்களா என்று கேட்டேன். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றவள் கோலத்தைப் பார்த்துவிட்டாள்.

டச்சுக்காரம்மா மாப்பிள்ளையிடம் மெதுவாகப் பேசினார். மாப்பிள்ளை எனக்குச் சொன்னார். இது மிக அழகாக இருக்கிறது, ஆனால் இந்த அறை டச்சுக்காரர்கள் வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து பார்த்தால் தனக்குத் தொந்தரவு. தன் கை இப்படி இருக்கிறது. உங்களுக்குக் கோபமில்லையென்றால் நீங்களே கூட்டிவிட்டு, துடைப்பத்தால் மீன் முள்ளு போட்டுத் தர முடியுமா என்று கேட்கிறாராம். இதைச் சொல்ல மாப்பிள்ளை ரொம்பத் தயங்கினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோலம் என்றால் மறுநாள் கூட்டத்தானே? ஆனால் சாயங்காலம் வரையாவது இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒன்பது வருஷத்துக்கு ஒரு மணி நேரம்.

நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தபோது அந்தம்மா இன்னும் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை பழக்கத்தில் அப்படியே தமிழில் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்டு வாசல்லயும் இவங்கதான் போடுவாங்களான்னு கேக்கறாங்க."

மகள் தன் கம்பெனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் மாப்பிள்ளைதான் இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சமாளித்தார். என்ன சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் குனிந்து கூட்ட ஆரம்பித்தேன்.

அந்த மீன் முள்ளு லேசில்லை. துடைப்பத்தைப் படுக்கைவாட்டில் வைத்து, அடி அடியாகப் பின்னாலேயே வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் கால் தடத்தை நீங்களே பதித்துவிடுவீர்கள். டச்சுக்காரம்மா வாசற்படியில் நின்று இடது கையைக் காற்றில் ஆட்டிச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவர் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் நான்தான் போட்டேன். கமிட்டி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, எப்போதையும்விடச் சுத்தமாக இருக்கிறது என்றார்களாம். நாகப்பட்டினத்துக் கை என்று அட்டையில் எழுதுவார்களா? எழுதவில்லை.

ஆனால் வீட்டில் மகள் என்னிடம் பேசுவது குறைந்துபோனது. கோபம் இல்லை, கண்ணைப் பார்க்க மாட்டாள். ஒரு வாரம் கழித்து, பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன், எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி வேணாம்மா. கிரகப்பிரவேசத்துக்கு நீயே போடு."

"வேணாம்டி."

"ஏன்? உனக்கு ஆசை இல்லன்னு சொல்லு பார்ப்போம்."

சொல்ல முடியவில்லை. ஆசை இருந்ததால்தான் கயிற்றைத் தாண்டினேன், அதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். உன் வீட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் தாங்க மாட்டேன் என்றேன். இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டாள். அன்றைக்குப் பொங்கலுக்கு நீ மட்டும் நம்பாமலா என்னை சோபாவில் உட்காரவைத்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். இந்த இடத்தில் பேனா நிற்கிறது. பரவாயில்லை, எழுது. அவள் அழுதாள், டிவியில் ஃப்ரிட்ஜுக்கு அழுகிற மாதிரி இல்லை, சத்தமில்லாமல். பேத்தி ஒரு கையில் சீப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கோலத்துக்கு உயிர் புள்ளியா, இழையா? புள்ளி இல்லாமல் இழை எங்கே போகும்? நல்ல கை வைக்க வேண்டியது புள்ளியில்தான். புள்ளியை நீ வை, இழையை நான் இழுக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாமலா இருக்கும் என்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது.

கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலை, ஆன்ட்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படியில் இறங்கினோம். அவள் பட்டுப்புடவைக்கு மேலே பனிக்கோட்டு. சிமென்ட்டைக் கழுவித் துடைத்திருந்தேன். அவள் வாழ்நாளில் புள்ளி வைத்ததில்லை. பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை என்று போனவள், நானும் கேட்டதில்லை. முதல் வரிசையே கார் நிறுத்துகிற பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. ஒரு புள்ளி பெரிது, ஒரு புள்ளி இல்லாத மாதிரி. எட்டாவதில் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினாள்.

"கோணலா போகுதேம்மா. அழிச்சிட்டு நீ வைக்கிறியா?"

"வெச்சதைத் தொடாத. நீ வெச்ச இடத்துக்கு நான் வரேன்."

இழையை ஆரம்பித்தேன். மாவு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மணல் மாதிரி இல்லை, அதற்கு என்னைத் தெரியும். ஆனால் கை பாட்டுக்குப் போகவில்லை, போக முடியாது. ஒவ்வொரு புள்ளியும் அவள் எங்கே வைத்திருக்கிறாளோ அங்கே போய், வளைந்து, மறுபடி திரும்பி. ஒரு வளைவு பெருத்தது, ஒரு வளைவு புள்ளிமேலேயே ஏறப் பார்த்தது. மகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என் ஆயுசில் நான் போட்ட கோணலான கோலம் அதுதான்.

ஆன்ட்டி வந்தார், அவர் டப்பாவில் மாவோடு. படியில் நின்று கோலத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றி உள்ளே போனார். அவர் ஒட்டுப் போட்டதை நான் சொல்லாமல் விட்டேனே, அந்தப் புண்ணியமோ என்னவோ.

பால் பொங்கி முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும், வீடு முழுக்கக் கேட்கும். சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கியது, ஐயர் வந்தாரா, கோலம் யார் போட்டது. நான் சமையலறையில் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"புள்ளி நான்தான் வெச்சேன் அத்தை," என்று மகள் கத்தினாள். "நல்லா வந்திருக்கு."

பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் எதுவும் சொல்லவும் இல்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் வந்தவர்களுக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். விருந்தாளிகளின் ஷூ பட்டு இரண்டு மூலையும் கலைந்திருந்தது, நடுவில் மட்டும் முழுசாக இருந்தது. நாளைக்கும் போடலாமா என்று நான் கேட்கவில்லை, போடு என்று அவளும் சொல்லவில்லை. மாவுக் கிண்ணத்தை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துவைத்துக்கொண்டேன். கீழ்த் தட்டில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற உயரத்தில்.